பினாங்கில் பயத்தங்காயும் நிலக்கடலையும் போடப் போகிறவர்களுக்கு: களையை அடக்கும் வழி, படிப்படியாக

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிறைத் தொழிற்பேட்டையில் பார்த்த வேலையை விட்டு, நிபோங் திபாலுக்கு அருகே அரை ஏக்கரை வாடகைக்கு எடுத்துப் பயத்தங்காய் போட்டேன். பூச்சி வருமோ, விலை சரியுமோ என்று இரவெல்லாம் கணக்குப் போட்ட நான், களையை ஒரு செலவாகவே எழுதி வைக்கவில்லை. ஆறாவது வாரத்தில் வரிசை எது, பாதை எது என்று தெரியாத அளவுக்குப் புல் மூடிவிட்டது. அதை மீட்க 18 ஆள் பிடித்தது. ஆளுக்கு 70 ரிங்கிட் வீதம் 1,260 ரிங்கிட் கொடுத்தேன். அதன் பிறகு பறித்த காய் அந்தக் கூலியைக்கூட ஈடுகட்டவில்லை. இப்போது அதே அரை ஏக்கரில் ஒரு போகத்துக்குக் களைக்காக நான் செலவிடுவது ஏறத்தாழ 640 ரிங்கிட். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை விதை மண்ணில் விழுவதற்கு முன்பே செலவழித்துவிடுவதுதான் காரணம். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் செலவு ஏறும்.

1. நிலத்தின் காகிதத்தையும் அதன் பழைய பயிரையும் ஒன்றாக விசாரியுங்கள்

களை மேலாண்மை பற்றிய கட்டுரையில் நிலப் பத்திரம் எதற்கு என்று கேட்கலாம். கோரையையும் லாலான் புல்லையும் அடக்க இரண்டு மூன்று போகம் ஆகும். அடக்கி முடித்த நிலத்திலிருந்து எழுந்து போகச் சொன்னால், நீங்கள் செலவழித்ததெல்லாம் அடுத்தவருக்குச் சீதனம். எனவே நிலக்காரரிடம் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவர் கையில் இருப்பது, அரசு நிலத்தைப் பயன்படுத்தத் தரும் எல்.பி.எஸ். என்னும் தற்காலிக உரிமம் என்றால் கவனமாக இருங்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிகிறது. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. அப்படிப்பட்ட நிலத்தை உங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கிராண்ட் நிலமாக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள்; பிந்தினால் அபராதம் உண்டு. பரப்பளவை ஏக்கரில் அல்லது எக்டரில் எழுதச் சொல்லுங்கள். கெடாவின் ரெலோங் ஏறத்தாழ 0.71 ஏக்கர், பினாங்கின் பழைய ஓர்லோங் ஏறத்தாழ 1.33 ஏக்கர். பேச்சில் இரண்டும் கலந்துவிட்டால் விதை, பிளாஸ்டிக், கூலி என எல்லாக் கணக்கும் ஏறக்குறைய இருமடங்கு தவறிப்போகும்.

அதே உட்காரலில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, கடந்த ஓராண்டில் அங்கே என்ன புல் மருந்து அடித்தார்கள் என்பது. செம்பனை நின்ற நிலம், வேலியோரம் செம்பனை இருக்கும் நிலம் ஆகியவற்றில் மெட்சல்ஃபியூரான் என்ற மருந்தைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். செம்பனைக்கு ஒன்றும் செய்யாத அளவு எச்சம்கூடப் பயறு வகைகளின் குருத்தைக் கருக்கிவிடும்.

2. மூன்று வாரத் தொட்டிச் சோதனை

நிலக்காரர் சொல்வது உண்மையா, மறதியா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே நிலத்தில் ஐந்தாறு இடங்களில் மேல்மண்ணை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, கலந்து, இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். மருந்து படாதது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த மண்ணை, வீட்டுக் கொல்லை மண்ணானாலும் சரி, இன்னும் இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். நிலத்து மண்ணில் மட்டும் செடி குட்டையாகி, இளம் இலை மஞ்சளாகி, குருத்து நின்றுபோனால், அந்தப் போகத்தில் அங்கே பயறு போட வேண்டாம்; வெண்டை, கீரை போன்றவையும் அடிபடக்கூடும் என்பதால், அடுத்து எதைப் போட நினைத்தாலும் அதன் விதையையும் இதேபோல் தொட்டியில் ஊன்றிப் பாருங்கள்.

இந்தச் சோதனையை முடிக்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள். நம் மண் பெரும்பாலும் புளித்த மண் என்பதால் ஜி.எம்.எல். என்னும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பொடி தேவைப்படும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெட்சல்ஃபியூரான் புளித்த மண்ணில்தான் விரைவாகச் சிதையும். சுண்ணாம்பால் புளிப்பு குறைந்தால் எச்சம் இன்னும் நீண்ட நாள் தங்கும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு மூலையில் நான் இழந்தது நாற்பது குழி விதை.

3. எந்தக் களை என்று அறியாமல் பணத்தை எடுக்காதீர்கள்

ஒரு காலைப்பொழுது நிலத்தைச் சுற்றி நடந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு, எந்த மூலையில் எது என்று குறியுங்கள். பெயர்கள் எல்லாம் தேவையில்லை. நான்கு வகையாகப் பிரித்தால் போதும்.

பெரும்பாலும் விதையால் பரவுபவை முதல் வகை: முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி, மலாய்க்காரர்கள் சம்பாவ் என்று சொல்லும் புல். இவை பூப்பதற்குமுன் போய்விட்டால் போய்விட்டவைதான். ஒரே சம்பாவ் தூர் பல்லாயிரம் விதை உதிர்க்கும் என்பதால், ஒரு செடியை விட்டாலும் மறுபோகம் பாத்தி முழுக்க அதன் பிள்ளைகள். குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் சமையலுக்கு ஆகும் கீரைகள். என் அம்மா அதற்காகவே தோட்டத்துக்கு வருவார். மருந்து அடித்த நிலத்திலிருந்து மட்டும் பறிக்காதீர்கள்.

நிலத்தடித் தண்டால் பரவும் லாலானும் அறுகும் இரண்டாம் வகை. கொடியாகப் படர்ந்து, கணுவில் வேர்விட்டு மூடும் மிக்கானியா, ரும்புட் இஸ்ராயேல் போன்றவை மூன்றாம் வகை. இவை பெரும்பாலும் வேலியோரத்திலிருந்து நுழைகின்றன.

நான்காவது, தனி இனமாகவே பார்க்க வேண்டிய கோரை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் இலை வரும், கிழங்கு இருக்கும். ரோட்டோவேட்டர் என்னும் சுழல் கலப்பையை ஓட்டினால் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். உழவுக்காரர் “நல்லாப் பொடிசா ஓட்டிடுறேன்” என்று சொல்லும்போது மனம் குளிரும். ஆறு வாரம் கழித்து எரியும். கோரை உள்ள மூலையை உழவுக்காரருக்குக் காட்டி, அங்கே ரோட்டோவேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வறண்ட மாதத்தில் கோரை மண்ணைப் புரட்டிப் போட்டு, கிழங்கைப் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் காயவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் புரட்ட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. எனவே அந்த மூலையில் முதல் போகம் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டு, கொடியால் மண்ணை மூடிவிடுவது என் பழக்கம்.

4. முளைக்க விட்டு அழித்தல்: பொறுமைக்குக் கிடைக்கும் கூலி

பாத்தி கட்டியதும் விதை போடக் கை துடிக்கும். போடாதீர்கள். பாத்தியை நனைத்து 10 முதல் 14 நாள் சும்மா விடுங்கள். மேல்மண்ணில் உள்ள களைவிதைகளில் பெரும்பகுதி பச்சையாக எழும்பும். இரண்டிலை, மூன்றிலைப் பருவத்தில், வெயில் அடிக்கும் காலையில், கைக்கொத்தால் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் சுரண்டிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே உறங்கும் விதைகளை மேலே கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்கியதாகிவிடும். சுண்ணாம்பு போட்டபின் இரண்டு மூன்று வாரம் எப்படியும் காத்திருக்க வேண்டும். அதே நாள்களை இதற்குப் பயன்படுத்தினால் காலம் வீணாகாது.

பினாங்கின் வானிலை இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. அந்த நாள்களில் ஈர மண்ணின்மேல் தெளிந்த பிளாஸ்டிக்கை இறுக்கி விரித்து, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டால், மேல்மண்ணில் உள்ள சிறுவிதைகள் பெருமளவு செத்துப்போகும். கோரைக் கிழங்கு பெரும்பாலும் சாகாது. மார்ச்சில் விதைத்தால் மே மாதத்துக்குள் பயத்தங்காய் பறித்து முடிந்துவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் கொத்தவே நாள் கிடைக்காது என்பதால், நிலக்கடலையை அந்த மாதங்களில் நான் தொடுவதில்லை.

5. எருவோடு விதையை வாங்கிவராதீர்கள்

மாட்டெரு மலிவாகக் கிடைக்கும். மாடு தின்ற புல்லின் விதையும் அதோடு இலவசமாகக் கிடைக்கும். நன்றாக மக்காத மாட்டெருவை வாங்கினால், குவித்து, நனைத்து, உள்ளே கைவைக்க முடியாத சூடு, அதாவது 55 டிகிரிக்கு மேல், பல நாள் நிற்கும்படி செய்து, புரட்டிப் புரட்டி மக்கவையுங்கள். யூரியாவையும் அள்ளி வீச வேண்டாம். பயறுச் செடி தன் வேர்முடிச்சால் தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெருமளவு காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் போடும் யூரியாவை முந்திக்கொண்டு உண்பது புல்தான். நான்காவது வாரம் ஒரு செடியைத் தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது.

6. மண்ணை மூடுவது: இரு பயிருக்கும் இரு வழி

பயத்தங்காய் கம்பில் ஏறும் கொடி. மேலே அடர்ந்தாலும் கீழே மண் வெறுமையாகவே கிடக்கும். அதாவது பயிர் தன் நிழலால் களையை அடக்கும் என்று காத்திருக்க முடியாது. ஆகவே இதற்கு, பாத்தியை மூட விரிக்கும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக் பொருந்துகிறது. வெள்ளிப்பக்கம் மேலே, கறுப்புப்பக்கம் கீழே. மாற்றி விரித்துவிட்டு வெயிலில் நாற்று வாடுகிறது என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிப்பக்கத்தின் மினுக்கம் அசுவினியையும் ஓரளவு விரட்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பாத்தி போட்டால் அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 1,350 மீட்டர் பாத்தி வரும். 400 மீட்டர் சுருள் நான்கு வேண்டும். நான் ஒரு சுருளை 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கிழியாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு போகம் தாங்குகிறது, எனவே போகத்துக்கு 360 ரிங்கிட். கோரையின் கூர்முளை இந்தப் பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்; கோரை மூலையில் பிளாஸ்டிக் போடுவது பணத்தைப் புதைப்பது. பழைய பிளாஸ்டிக்கை வயலில் எரிக்காதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது குற்றம்.

நிலக்கடலைக்கு இந்த வழி ஆகாது. பூத்தபின் அதன் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். தடித்த பிளாஸ்டிக் அதைத் தடுத்துவிடும். நிலக்கடலையை நெருக்கமாக விதைத்து, செடியின் இலைகளாலேயே மண்ணை விரைவில் மூட வைப்பதே நல்லது. பாத்திகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் மட்டும் வைக்கோல் பரப்பலாம். செபராங் பிறை உத்தாராவின் நெல் வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் எளிதாகக் கிடைக்கும். அதில் காட்டுநெல் விதை கலந்திருக்கும் என்பதால், ஒரு மழையில் நனையவிட்டு, முளைத்ததை உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

7. முதல் ஐந்து வாரம்

இந்த ஐந்து வாரத்தில் ஊருக்குப் போவது, திருமண வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்குவது எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள். விதைத்த இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரத் தொடக்கம் வரை களையோடு போட்டியிட்ட பயறு, பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் இழந்ததை மீட்பதில்லை. நான் 1,260 ரிங்கிட் கொடுத்துக் கற்றது இந்த ஒரு வரிதான்.

பயத்தங்காய்க்கு 14ஆம் நாள் வாக்கில் ஒன்றும், 30ஆம் நாள் வாக்கில் ஒன்றுமாக இரண்டு களையெடுப்பு. பிளாஸ்டிக் இருப்பதால் குழியைச் சுற்றியும் வாய்க்காலிலும் மட்டும் வேலை. ஒவ்வொரு முறைக்கும் இரண்டு ஆள், ஆக மொத்தம் 280 ரிங்கிட். ஏறத்தாழ 45ஆம் நாள் பறிப்புத் தொடங்கியதும், ஒன்றுவிட்ட ஒரு நாள் எப்படியும் வரிசையில் நடப்பீர்கள். அப்போது கண்ணில் படுவதைக் கையால் பிடுங்கிக்கொண்டே போனால் தனிக்கூலி தேவையில்லை.

நிலக்கடலைக்கு 15ஆம் நாளும் 30ஆம் நாளும் கொத்து. அரை ஏக்கருக்கு ஒவ்வொரு முறையும் எனக்கு நான்கு ஆள் ஆகிறது. இரண்டாவது கொத்தின்போதே செடியின் அடியில் மண் அணைத்துவிடுங்கள்; சிறுகளை புதைந்துபோகும், விழுது இறங்கவும் மண் இளகியிருக்கும். ஏறத்தாழ 40ஆம் நாளுக்குமேல் கொத்தை உள்ளே கொண்டுபோகவே கூடாது. விழுது அறுந்தால் காய் போயிற்று. அதன்பிறகு மீறி எழும் களையைக் கையால் மட்டும், இன்னொரு கையால் கடலைச்செடியை அழுத்திக்கொண்டு, பிடுங்க வேண்டும்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் களைவெட்டிய ஓர் அக்காதான் என் நிலத்துக்கு முதன்முதலில் ஆள்கூட்டி வந்தவர். மழை விட்ட மறுநாளே நான் அவசரப்படுத்தியபோது, “தம்பி, ஈரத்துல கொத்துனா வெட்டுறதில்ல, நட்டு வெக்கிறது” என்றார். கேட்காமல் கொத்தவைத்தேன், நான்கு நாளில் பாதிப் புல் மறுபடி வேர்பிடித்துவிட்டது. மேல்மண் காய்ந்த வெயில் நாளின் காலையில் கொத்துங்கள்; மாலைக்குள் சருகாகும். பருப்புக்கீரையை மட்டும் பாத்தியில் விடாமல் அள்ளி வெளியேற்றுங்கள், அது பிடுங்கிப்போட்ட பிறகும் விதை முற்றவைக்கும்.

8. மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்

நான் மருந்தே தொடாதவன் அல்லன். ஆனால் இதை எட்டாவது இடத்தில் வைத்திருப்பது தற்செயலும் அல்ல. பூச்சிமருந்துச் சட்டம் 1974இன் கீழ்ப் பதிவான மருந்தின் லேபலில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாத புட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். லேபலில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லேபலுக்கு மாறாகப் பயன்படுத்துவது குற்றம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய சரக்கு வீட்டில் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

விதைத்தபின், முளைக்குமுன் ஈரமண்ணில் அடிக்கும் பெண்டிமெத்தாலின் போன்றவை முதல் சில வாரக் களையைக் குறைக்கும். முளைத்தபின், அகன்ற இலைப் பயறைத் தொடாமல் புல்லை மட்டும் கொல்லும் ஃபுளூவாசிஃபாப் போன்றவை உண்டு. ஆனால் சம்பாவ் புல் அதற்கும் அசையாத இடங்கள் நம் நாட்டில் உள்ளன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசையாத சம்பாவ் உலகிலேயே முதலில் பதிவானது 1997இல் இங்கே, தெலுக் இந்தானில். அடித்த இடத்தில் ஒன்றிரண்டு தூர் மட்டும் பச்சையாக நின்றால், அளவைக் கூட்டி மறுபடி அடிக்காதீர்கள். அந்தத் தூரைப் பூக்கும் முன் கையால் பிடுங்கி, பையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள்.

பறிப்புக்கு முந்திய இடைவெளி என்று லேபலில் எழுதியிருக்கும் நாள்களும் பயத்தங்காய்க்கு இடிக்கும். ஒன்றுவிட்ட நாள் பறிக்கும் காய்க்கு இரண்டு வார இடைவெளியுள்ள மருந்தை அடித்தால் அந்த இரண்டு வாரக் காயை யாருக்கும் விற்கக்கூடாது. எனவே பறிப்புத் தொடங்கிய பிறகு எந்தக் களைக்கொல்லியும் வேண்டாம் என்பது என் முடிவு.

பக்கத்து வயல்காரர் அடிக்கும் 2,4-டி என்ற களைக்கொல்லி காற்றில் வந்தால் பயறு இலை கிண்ணம்போல் சுருண்டுவிடும். அவரிடம் உங்கள் விதைப்பு நாளை முன்கூட்டியே சொல்லி, காற்றில்லாத அதிகாலையில் அடிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை போட்டபின் கேட்பதைவிட இது எளிது. எல்லையில் இரண்டு வரிசை சோளம் நட்டு வைத்தால் சாரல் கொஞ்சம் தடுபடும்.

9. பதிவேடு

ஒரு தடித்த நோட்டு வாங்கி முதல் நாளிலிருந்து எழுதுங்கள்: விதை எங்கே வாங்கியது, எரு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் யார் களையெடுத்தார், எந்த மருந்து எந்த அளவில் எந்தப் பாத்தியில். ரசீதுகளைப் பின்பக்கம் ஒட்டுங்கள். பிற்பாடு மைகேப் என்னும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மாவட்ட விவசாய அலுவலகம் அடையாள அட்டை நகல், நில உரிமை அல்லது வாடகைக் காகிதம், நிலத்தின் வரைபடம் ஆகியவற்றோடு இந்தப் பதிவேட்டையும் பார்க்கும். மண், நீர், விளைபொருள் மாதிரியும் எடுப்பார்கள். நான் விண்ணப்பித்தபோது கட்டணம் கேட்கவில்லை. முதல் போகத்துக்கு என்னிடம் ஒரு வரிகூடக் குறிப்பு இல்லாததால், இன்னொரு போகம் முழுவதையும் எழுதி முடித்த பிறகே என்னால் விண்ணப்பிக்க முடிந்தது. களையெடுப்புத் தேதிகள் உங்களுக்கே பயன்படும்: எந்த மூலையில் கூலி அதிகம் போகிறது என்பது இரண்டாம் போகத்தில் தெளிவாகத் தெரியும்.

10. பறிப்பு முடிந்த அந்த வாரம்

கடைசிக் காயைப் பறித்ததும் ஓய்வெடுக்கத் தோன்றும். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் மிஞ்சிய களை எல்லாம் பூத்து விதை உதிர்க்கும். கொடியை அடியில் அறுத்துவிடுங்கள். வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டால் முடிச்சிலுள்ள சத்து அடுத்த பயிருக்குச் சேரும். நின்ற களையை அன்றே சாய்த்துவிடுங்கள். விதை முற்றியவற்றை மட்டும் எருக்குழியில் போடாமல் தனியாகப் பையில் கட்டுங்கள். பயறுக்குப் பின் பயறு போட வேண்டாம். வேர்ப்புழுவும் ஏறும், அதே களைகளும் பழகிப்போகும். நான் அடுத்ததாகச் சோளமோ வெண்டையோ போடுகிறேன். வாடகைக்கு எடுத்த உழவு இயந்திரத்தை வயலுக்குள் விடுமுன், முந்திய வயலின் மண்ணை நீரடித்துக் கழுவிவிட்டு வரச்சொல்லுங்கள். கழுவாத கலப்பையில் ஒட்டிவந்த கோரைக் கிழங்கிலிருந்துதான் என் நிலத்தின் இரண்டாவது கோரை மூலை உண்டாயிற்று, அதை இன்னும் நான் அடக்கி முடிக்கவில்லை.